மூன்று நிமிடம் நிற்க

விழுந்தது ஞாபகமில்லை.
விழித்ததுதான் ஞாபகம்:
உள்துறைமுக வீதி ஓரம்,
முகத்துக்குக் கிட்ட ஒரு மானின் ஈர மூக்கு.
என் பையிலிருந்த வல்லாரைக் கட்டில்
பாதியை அது முடித்திருந்தது.

அப்படியென்றால் எவ்வளவு நேரம்?
ஒரு மான் அரைக்கட்டு வல்லாரை தின்னும் நேரம்.
வேறு கணக்கு என்னிடம் இல்லை.
முப்பத்துநாலு வருசம் ரயில் கார்டாக இருந்தவன்,
கல்லோயாவில் வண்டி இரண்டு நிமிடம் பிந்தினாலும்
காரணம் எழுதிக் கையெழுத்து வைத்தவன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் என்னைக் கேட்கவில்லை.
"பார்த்தது ஆர்?"
இளநீர் விற்கும் ஜௌபர் முன்னுக்கு வந்தார்.
முகம் எப்படி இருந்தது?
அவிச்ச கணவாய் மாதிரி.
கைகால் இழுத்ததா?
ஒருக்கா, சின்னதாய்.
நாக்கைக் கடித்தாரா?
இல்லை.
எழும்பினதும் பேச்சுத் தடுமாறியதா?
"எங்க டொக்டர்! எழும்பினதும் மானை ஏசினவர்."

அந்தப் பதிலோடு
வலிப்பு என்ற சொல்
பாதி வெளியே போய்க் கதவடியில் நின்றது.
மீதிச் சொற்கள் உள்ளே இருந்தன.

இதயம் சில வேளை ஒரு அடி தவறவிடும் என்றார்,
சில வேளை நாலு செக்கன் சும்மா நின்று யோசிக்கும்.
வால்வு ஒன்று சுருங்கியிருக்கலாம்.
சீனி இறங்கியிருக்கலாம்.
உங்கட கொலர் எப்போதும் இவ்வளவு இறுக்கமா?
காலையில் தண்ணி குடித்தீர்களா?
மலம் கறுப்பாய்ப் போகிறதா?

எனக்கு இது தெரிந்த வேலைதான்.
வண்டி நடுக்காட்டில் நின்றால்
சிக்னல், எஞ்சின், வெயிலில் நெளிந்த தண்டவாளம்,
யானை,
எதையும் பார்க்காமல் இல்லையென்று எழுதக் கூடாது.

படுங்கோ என்றாள் தாதி.
நூற்றைம்பத்திரண்டு.
எழும்பி நில்லுங்கோ.
நூற்று முப்பது.
அப்படியே நில்லுங்கோ, மூன்று நிமிடம்.
விசிறியின் சத்தம் அடுத்த வார்டுக்குப் போனது.
ஜன்னலின் ஓரங்கள் கருகின.
என் முழங்கையை அவள் பிடித்திருந்தாள்,
அது என் முழங்கை என்று தெரியவே கொஞ்ச நேரம்.
தொண்ணூற்றாறு.

என்னென்ன குளிசை?
புனிதவதி பையைக் கவிழ்த்தாள்.
பிறஷருக்கு இரண்டு, நீர் வத்த ஒன்று,
கொலஸ்ட்ரோலுக்கு மஞ்சள்.
வேறு?
"வேறொன்றுமில்லை" என்றேன் நான்.

"இருக்கு டொக்டர்" என்றாள்.
"சலம் போக ஒன்று, இரவில போடுறவர்.
தனியார் கிளினிக்கில எழுதிக் குடுத்தது.
தீப்பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறார்.
வீட்டுக்கு லைட்டர் வந்து பத்து வருசம்,
தீப்பெட்டி எதுக்கு எண்டு யோசிச்சன்."

ஜௌபர் சுவரில் தொங்கிய கலண்டரை
மிகக் கவனமாகப் பார்த்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை.
அதுவும் பிறஷரை இறக்கும் என்றார்,
நிற்கும்போது கூடுதலாய்.
அதுதானா காரணம்?
"அதுவும்" என்றார்.
உங்கள் வயதில் ஒன்று மட்டும் என்பது குறைவு.
இரண்டைக் குறைத்து, ஒன்றை மாற்றி,
என் நெஞ்சில் வயர்கள் ஒட்டி
ஒரு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினார்,
என்ன செய்தேன், எத்தனை மணிக்கு என்று எழுத
ஒரு தாளும் தந்து.

இப்போது இரவு இரண்டு பத்து.
கட்டில் ஓரத்தில் இருக்கிறேன்.
சீமெந்துத் தரை குளிர்கிறது, நல்லது.
கால்விரல்களை மடக்கி நீட்டுகிறேன், சொன்னபடி.
இடுப்பில் பெட்டி; அதன் சிறு பச்சை வெளிச்சம்
கடைசிப் பெட்டியில் நான் பிடித்த விளக்கு மாதிரி.
தாளில் எழுதுகிறேன்:
2.10. எழும்ப முன் இருந்தது.
காரணம்: சலம்.
பழக்கத்தில் கையெழுத்தும் வைத்துவிட்டேன்.

எழும்பப் பார்க்கிறேன்.
நித்திரை என்று நான் நினைத்த இருட்டிலிருந்து
புனிதவதி சொல்கிறாள்:
"இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு."