ஈரம் பார்த்தல்

புயல் கரையேறிய மூன்றாம் நாள்
டாக்டர் மெஹ்ருன்னிசா போன் செய்தார்.
கெல்லீஸ் வீட்டு வாகை
சுற்றுச்சுவர்மேல் சாய்ந்து கிடக்கிறதாம்,
கார்ப்பரேஷன் லாரிக்கு முன்னால்
என் வண்டி வரவேண்டுமாம்.
விற்க அல்ல.
ஹாலில் ஒரு கணப்பு இருக்கிறது,
எந்தத் துரைக்கு எந்தக் குளிர் அடித்ததோ,
அதில் எரிக்க.

நான் சிரிக்கவில்லை. ஓட்டேரியில்
விறகுத்தொட்டி நடத்துகிறவள் சிரித்தால்
தராசு ஆடிவிடும்.
பச்சை மரம் டாக்டர், என்றேன்,
இப்போது எரித்தால் அழத்தான் முடியும்.
வேறு தருகிறேன்.
புளி வாங்குங்கள், பிரியாணிக்காரர்கள் கேட்பது,
கங்கு நின்று பேசும்.
சவுக்கு சட்டென்று எழும், சட்டென்று மறந்துவிடும்.
வேலிகாத்தானுக்கு முள்ளும் அதிகம் சூடும் அதிகம்.
முருங்கையைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.
எல்லாம் கேட்டுவிட்டு
"என் வாகை?" என்றார்.
ஒரு வருஷம் ஆகும்.
"எடின்பரோவில் இரண்டு வருஷம் காயவைப்பார்கள்"
என்றார், விட்டுக்கொடுக்காமல்.

அகஸ்டின் கோடாலி போட்டான்.
வாகைத்தூள் மூக்கில் ஏறி
அடிக்கு ஒரு தும்மல்.
முழங்கை நீளம். பட்டை உரித்து,
தரை தொடாமல்
இரண்டு தண்டவாளத் துண்டுகள்மேல்
குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கினோம்,
எலி நுழையலாம், பூனை நுழையக்கூடாது,
அவ்வளவு இடைவெளி.
தலைக்குத் தகரம். பக்கமெல்லாம் திறப்பு.
பொத்திவைத்த விறகு பூஞ்சைக்குச் சொந்தம்.

இந்த ஊரில் விறகு காய்வது ஒரு சிவில் வழக்கு.
தையில் வாய்தா.
மாசியில் கொஞ்சம் வாய் திறக்கும்,
வெட்டு முனையில்
குழந்தை வரைந்த சூரியன்போல் விரிசல்.
கத்திரியில் தீர்ப்பு:
இரண்டு துண்டைத் தட்டினால்
தொப்பென்றிருந்தது டங்கென்னும்.
அன்றைக்கு எரிக்கலாம்.
அன்றைக்கு எவன் எரிப்பான்?
பிறகு ஐப்பசி வந்து மேல்முறையீடு செய்யும்,
போன ஈரம் வட்டியோடு திரும்பும்.
விறகு காய்ந்த மாதத்தில் குளிரில்லை.
குளிர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் மாதத்தில்
விறகில் காய்ச்சல் இல்லை.

புரட்டாசி முடிவதற்குள்
எல்லாவற்றையும் என் கணக்கு அறைக்குள் ஏற்றினேன்.
மின்விசிறி எனக்கில்லை, வாகைக்கு.
வாரம் ஒருமுறை எடை போட்டேன்.
இருநூற்றுப் பத்து கிலோ வந்தது
நூற்று முப்பத்தைந்தில் நின்றது,
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.
எழுபத்தைந்து கிலோ தண்ணீர்.
எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.
ஓட்டேரிக் காற்றில்தான் இருக்கும்,
பஸ்ஸில் நம் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருவது
அதில் கொஞ்சம்.

மார்கழி பத்தாம் தேதி கூப்பிட்டார்.
புகைபோக்கியைச் சுத்தம் செய்தபோது
ஒரு மைனாக் கூடும்
இறகு உதிர்ந்த பூப்பந்தும் விழுந்தனவாம்.
ஏசி பதினெட்டில் ஓடியது.
நான் கொண்டுபோன சவுக்குச் செத்தையில்
முதல் தீக்குச்சி பற்றியது,
வாகை பிடித்தது. புகையில்லை.
சீறவில்லை. முனையில் நுரை தள்ளவில்லை.
என் ஒரு வருஷம்
ஒழுங்காக எரிந்தது.

முப்பது வருஷமாய் விற்கிறேன்.
கல்யாண அண்டாவுக்குக் கீழே போகும்,
கந்தூரி தேக்சாவுக்குக் கீழே,
சுடுகாட்டில்
கீழேயும் மேலேயும்.
மேலே ஒன்றும் இல்லாத தீயை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
வேலையற்ற கை மாதிரி
இங்கும் அங்கும் அலைந்தது.
எங்கே பார்ப்பதென்று எனக்கும் தெரியவில்லை.

டாக்டர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்,
ஒன்றும் பேசவில்லை,
அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா
பயணக் களைப்பா என்று
நான் எடை போடவில்லை.
அகஸ்டின் பழக்கத்தில் ஒரு தும்மல் போட்டான்.

என்னால் பொறுக்கமுடியவில்லை.
"ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்காவது
இருக்குமா வீட்டில்?" என்று கேட்டேன்.

இரண்டு இருந்தன.