இடது கை ஞாயிறு

வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது.
பேருந்துப் பணிமனையின் உறைந்த படியில்
வழுக்கி விழுந்து இன்றோடு பதினோரு நாள்.
“அம்மாவுக்கு இப்போ வாய் மட்டும்தான் ஓடுது”
என்கிறாள் க்வென்லியன்.
“அது எப்பவும் ஓடினதுதானே” என்கிறான் மாக்சன்.
அவளுக்குப் பதினொன்று. அவனுக்கு ஏழரை,
அந்த அரையை விட்டுக்கொடுக்க மாட்டான்.

லனெல்லியில் மழை சாய்வாகப் பெய்கிறது.
மேசைமேல் ஒரு கோழி,
ஒன்றேகால் கிலோ, தலைகீழாக,
எங்கள் மூவரையும்விட நிதானமாக.

கழுவாதீர்கள் அதை.
கழுவினால் சுத்தமாவது கோழியல்ல,
அழுக்காவது தொட்டி, குழாய், பக்கத்துக் கோப்பை,
கண்ணுக்குத் தெரியாத தூறலில்.
தொட்ட கையைக் கழுவுங்கள்,
சோப்புப் போட்டு, அவசரமில்லாமல்.
சிவப்புப் பலகை கோழிக்கு,
பச்சைப் பலகை கேரட்டுக்கு.
இரண்டும் ஒன்றையொன்று
பார்த்துக்கொள்ளவே கூடாது.

கேரட் உருளும்.
முதலில் நீளவாக்கில் பிளந்து
தட்டையான பக்கத்தைக் கீழே படுக்க வை.
விரல்நுனியை உள்ளே மடக்கு,
பூனை நகத்தை இழுத்துக்கொள்வதுபோல.
கத்தி கீழே விழுந்தால் பிடிக்கப் போகாதே,
காலை விலக்கு, விழட்டும்.

“வாணலிப் பிடி எங்கே பார்க்கணும்?”
“சுவரை.”
“சூடானதைத் தூக்கினால்?”
“சூடு வருதூ!” என்று இருவரும் கத்துகிறார்கள்.
அதன்பின் ஒரு மணி நேரம்
குளிர்ந்த கரண்டியை எடுத்துக்கொண்டு
“சூடு வருதூ” என்று
கூடம்வரை போய்த் திரும்புகிறான் மாக்சன்.

உருளைக்கிழங்கு பாதி வெந்துவிட்டது.
தண்ணீரை வடிக்க வேண்டும்.
பானையைப் பார்க்கிறேன், பிறகு
க்வென்லியனின் கைகளைப் பார்க்கிறேன்,
சிலேட்டுக்குச்சிபோல.
அடுப்பை அணை. அப்படியே இருக்கட்டும்.
கண்ணுள்ள கரண்டியால் ஒவ்வொன்றாக எடு.
பதினாறு துண்டுக்குப் பதினாறு தடவை.
இத்தனை வருடம் கொதிக்கும் பானையை
ஒரே வீச்சில் நான் கவிழ்த்தது
திறமை என்று நினைத்திருந்தேன்.
அவசரம், அவ்வளவுதான்.

அவன் திறந்தால் கதவுக்குப் பக்கவாட்டில் நிற்பான்,
முகத்தைத் திருப்பிக்கொள்வான்.
முதலில் வெளியே வருவது ஆவி,
அதற்கு ஆள் தெரியாது.
இன்று திறப்பது அவள். அவன் தரையில்
டேப் ஒட்டிய கோட்டுக்கு அப்பால்.

ஐம்பது நிமிடத்தில் கரிந்த வாடை.
கிழங்கின் ஓரம் கறுக்கிறது என்று
உடம்புக்குத் தெரிந்துவிட்டது,
மூளைக்கு முன்னால்.
நாற்காலியைத் தள்ளி எழுந்தேன்,
இடது கையில் அகப்பட்ட துணியோடு
தட்டை நோக்கி.

கோட்டைத் தாண்டி வந்து
குறுக்கே நின்றான் மாக்சன்.
“ஈரத்துணி, அம்மா.”

ஈரம்தான். அவனே சற்றுமுன்
மேசை துடைத்த துணி.
ஈரத்துணி சூட்டைக் கைக்குக் கொண்டுபோகும் என்று
சற்றுமுன் நானே சொன்னேன்.
“காய்ந்தது உனக்குப் பின்னால் தொங்குது.
நீ உட்காரு.”
உட்கார்ந்தேன்.
கோட்டைத் தாண்டியதற்கு அவனைத் திட்டுவதா
என்று இன்னும் முடிவாகவில்லை.

க்வென்லியன் தட்டை இழுத்து
அடுப்பின்மேல் வைத்தாள். இரண்டு கை, இரண்டு உறை.
தொடைச் சதையில் வெப்பமானியைக் குத்தினாள்.
அறுபத்தெட்டு.
மீண்டும் உள்ளே.
எழுபத்தொன்று. மீண்டும்.
மாக்சனின் வயிறு சத்தமாக ஏதோ சொன்னது.
எழுபத்தாறு.
இனிச் சாப்பிடலாமா? இல்லை.
ஆக்கப் பொறுத்தோம்,
ஆறவும் பொறுக்க வேண்டும், கால் மணி நேரம்,
வெட்டினால் சாறெல்லாம் பலகைக்குப் போய்விடும்.
அந்தக் கால் மணி நேரத்தில்
குழம்பு கட்டி கட்டியாகிவிட்டது,
வடிகட்டினோம், சரியானது மாதிரி இருந்தது.

ஒரு கையால் எதையும் வெட்ட முடியவில்லை.
என் தட்டைத் தன் பக்கம் இழுத்து
துண்டு போடுகிறாள் க்வென்லியன்,
விரல்நுனி மடங்கியிருக்கிறது, யாரும் சொல்லாமலே.
“ஊதித் தரட்டுமா?” என்கிறான் மாக்சன்.
கறுத்த கிழங்கை எனக்குத்தான் வைத்திருக்கிறார்கள்,
அது எனக்குப் பிடிக்கும் என்று
யார் சொன்னதோ.