விளக்கெண்ணெய்

ஹார்ஷம் காட்சித் திடலில்
செம்மறிகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகை.
இந்தச் சனிக்கிழமை ஆடுகள் இல்லை,
வாடை மட்டும் இருக்கிறது.
மடக்கு மேசைகளில் டாங்கிகள், போர்க்கப்பல்கள்.
கதவோரம்
ஒரு சாணுக்குச் சற்றே கூடின அகலத்தில்
இரண்டடுக்குச் சிறகோடு
ஒரு சோப்வித் கேமல்.

கட்டியவர் மெர்வ் ட்ரெகார்தன்.
கோதுமைக் களஞ்சியத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவர்.
கடைவாய்ப்பல் பிடுங்க என்னிடம் வந்தபோது
நாற்காலிக் கைப்பிடியில் அவர் நகம் பதிந்தது.
தடம் இன்னும் இருக்கிறது.

அந்தக் கையா இது?
சிறகுக்கும் சிறகுக்கும் நடுவே
குறுக்கும் நெடுக்குமாய்ச் சாம்பல் பூசிய தூண்டில் நரம்பு,
தலைமயிரை விடச் சன்னம்,
ஒன்றுகூடத் தொய்யவில்லை.
ஊதிப் பார்க்கலாமா என்றேன்.
ஊதுங்க டாக்டர்.
ஊதினேன்.
முன்விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது.
கம்பிகள் அசையவில்லை.
அசைந்தது அவர் தொண்டைக்குமிழ்தான்.

பிளாஸ்டிக் என்று தெரியும்,
கண் துணி என்கிறது.
இளைத்த கன்றின் விலாபோல
உள்ளிருக்கும் சட்டங்கள் மேலெழும்ப,
இடையிடையே துணி பள்ளம் வாங்கி,
வெயில் படும் பக்கம் மட்டும் ஒரு பிடி வெளிறி.
கீழ்ச்சிறகில் மிளகளவு ஒரு வட்ட ஒட்டு.
குண்டு நுழைந்த இடமாம்.

ஈறுக்குள் மறையும் விளிம்பில்தான்
கட்டின பல்லின் யோக்கியதை.
பையிலிருந்து என் பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்து
மேற்சிறகுக்கு அடியில் நீட்டினேன்.
யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்
இன்னொரு மிளகு.
வெளியேறிய இடம்.
இரண்டையும் மனதில் கோடிழுத்துச் சேர்த்தால்
இருக்கைக்கும் கோட்டுக்கும் நடுவே
ஒரு நெல்லின் நீளம்.
முப்பத்திரண்டால் பெருக்கினேன்.
ஒரு சாண்.

கண்ணாடியை வயிற்றுப் பக்கம் திருப்பினேன்.
மூக்கிலிருந்து வால்வரை
பழுப்பாய் ஒரு மினுமினுப்பு,
ஒரே பக்கமாய் வழிந்து, போகப் போக மெலிந்து.
விளக்கெண்ணெய் என்றார்.
அந்த எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றுவார்களாம்.
எரிந்தது பாதி எரியாதது பாதியாய்
ஓட்டுகிறவன் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்குமாம்.
நிலத்துக்கு வரும்வரை
விழுங்குவதைத் தவிர வழியில்லையாம்.

சங்கில் ஊற்றி மூக்கைப் பிடித்துப்
புகட்டப்பட்டவள் நான்.
எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இருக்கை காலி.
அவிழ்த்த வார் ஒன்று
விளிம்பைத் தாண்டி வெளியே தொங்குகிறது,
அவசரமாய் இறங்கியதுபோல.
ஆள் எங்கே என்று கேட்டேன்.

புதருக்குப் பின்னால், டாக்டர்.
வயிறு.

நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேசைக்காரர் தன் கப்பலைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு நடுவர்கள் வந்து
இரண்டாம் பரிசுச் சீட்டை வைத்தார்கள்.
விமானி இல்லாததால் ஒரு புள்ளி குறைவு.
மெர்வ் வாதாடவில்லை.
சிறகின் நிழல் எழுத்தில் விழாதபடி
சீட்டைச் சற்றே நகர்த்தினார்.

அவன் வர நேரமாகும், என்றார்.