இங்கிருந்து இங்கே

பதிவேட்டில் புறப்பட்ட இடம், சேர்ந்த இடம்
என்று அடுத்தடுத்து இரண்டு கட்டம்.
நேற்று இரண்டிலும் பென்சிலால் ஒரே நான்கு எழுத்து.
நடுவில் உள்ள கோட்டுக்கு
ஐந்து மணி நாற்பது நிமிடம் அகலம்.

காலை ஏழு பத்துக்கு,
செம்பனை முடிகிற இடத்தில் தொடங்கி
செம்பனை தொடங்குகிற இடத்தில் முடியும்
சுங்கை கெருயிங் ஓடுதளத்தை விட்டேன்.
பின்னிருக்கையில் கா ஹோக். மடியில் கேமரா,
காலுக்கிடையில் நாசி லெமாக் பொட்டலம்.
எங்கே புகைகிறது என்று பார்த்துப்
படம் எடுத்துத் தருவது வேலை.

மலைத்தொடரை எட்டாயிரம் அடியில் தாண்டினோம்.
கிளந்தானில் ஆறு தேத்தண்ணீர் நிறம்.
கிழக்குக் கடல் வந்தது,
அதில் ஒரு மீன்படகு, நங்கூரம் போட்ட மாதிரி.
தெற்கே திரும்பினால் பகாங்கில்
மூன்று இடத்தில் சதுப்பு நிலம் எரிந்தது,
தீ தெரியவில்லை, வெறும் புகை.
மேற்குக் கடலையும் எட்டிப் பார்த்துவிட்டுப்
பன்னிரண்டு ஐம்பதுக்கு
விட்ட அதே வெள்ளைக் கோட்டில்
சக்கரம் வைத்தேன்.

ரோஸ்லான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
வேறெங்கும் இறங்கவில்லையா?
இல்லை.
அப்படியானால் தூரப்பயணத்தில் சேராது,
உள்ளூர் என்று எழுது.

உரிமத்துக்கு எனக்கு இன்னும்
நாலு மணிநேரத் தூரப்பயணம் பாக்கி.
ஈப்போவில் ஒருதரம் தொட்டு எடுத்திருக்கலாமே
என்று அவரே வருத்தப்பட்டார். நல்ல மனிதர்.
மூன்று வினாடி ரப்பர் தேய்ந்திருந்தால்
அத்தனை நேரமும் பயணமாகியிருக்கும்.

உள்ளூர்.
இரண்டு கடல் பார்த்துவிட்டு வந்தவன் உள்ளூர்.
பிறந்த ஊரின் வங்கியிலேயே
அசால் மானா என்று கேட்கிறவர்களுக்கு
இனி இதைக் காட்டலாம்:
முத்திரை போட்ட நோட்டு,
வரிக்கு வரி அதையேதான் சொல்கிறது.

தேவஜோதிக்கு இது வேடிக்கை.
அவள் ஆலையில் எடைமேடைக் கிராணி.
'எங்க லோரியும் ஒரே கேட்டுலதான் வருது, போகுது.
எங்க போனேன்னு எவனும் கேக்கறதில்ல.
உள்ள வரும்போது ஒரு எடை,
குலையக் கொட்டிட்டுப் போகும்போது ஒரு எடை.
கழிச்சு வர்றதுதான் கணக்கு.
நீ எவ்ளோ கழிச்ச?'

நூற்றெண்பது லிட்டர் எண்ணெய்.
கா ஹோக்கின் பொட்டலம்.
ஒரு போத்தல் தண்ணீர்,
அது வேறொரு போத்தலில் திரும்பி வந்தது.

அவள் சிரித்து முடிக்கும்வரை
மற்றதைச் சொல்லவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம்
இஞ்சின் ஒருமுறை இருமியது.
ஒரே ஒருமுறை. கா ஹோக் நிமிரக்கூட இல்லை.
கீழே சோற்றுத் தட்டு அளவுக்கும்
வெட்டவெளி கிடையாது.
கை தானாக ஒவ்வொரு விசையையும் தடவிப் பார்த்தது.
அப்போது ஈப்போ நினைவுக்கு வரவில்லை,
எந்தக் கடலும் வரவில்லை.
இன்னும் காலியாக இருந்த
இரண்டாவது கட்டம்தான் வந்தது.

சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல்
மேசையில் சிந்தியிருந்த சர்க்கரையை
விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

ராத்திரி பென்சில்மேல் மை போட உட்கார்ந்தேன்.
குறிப்பு என்ற கடைசிக் கட்டம்
கட்டைவிரல் அகலம்தான்:
'புகை, மூன்று இடம்' என்றதும் நிரம்பிவிட்டது.
இருமலை ஏற்கெனவே
மெக்கானிக்கின் தாளில் எழுதிவிட்டேன்,
அங்கே நிறைய இடம் இருந்தது.

தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்
'ரெண்டும் ஒண்ணுதானே, மேற்படின்னு போட்டுட்டுப் படு' என்றாள்.
ஆலையில் பக்கம் பக்கமாக அப்படித்தான் போடுவாள்.

புறப்பட்ட இடத்துக்கு வேண்டுமானால் போடலாம்.
மற்றதில் நான்கு எழுத்தையும்
அழுத்தி, முழுதாக எழுதினேன்.