முதல் உருப்படி

ஆறு நிமிடம் போதும் என்றது
ஓவ்லு நகர இசைக்குழுவின் கடிதம்.
வப்பு விழாவுக்கு. மே தினத்தின் முந்தைய மாலை.
கலகலப்பாக இருக்கட்டும், யாரையும் யோசிக்க வைக்க வேண்டாம்.
அடியில், பேனாவால், மேலாளர் ஹுவரினன்:
ஹார்ப் கிடையாது. பணம் இல்லை.

பிப்ரவரி முழுக்க நான் எழுதியதெல்லாம்
சாவு ஊர்வலமாகவே வந்தது.
டிரம்பெட்டைக் கொஞ்சம் துள்ளவிட்டால்
ராணுவம் வந்துவிடுகிறது.
வயலின்களை ஓடவிட்டால்
சோப்பு விளம்பரத்தில் போய் நிற்கின்றன.
வெளியே கடல் இறுகிக் கிடந்தது,
அதன்மேல் யாரோ ஒருவர் நாயோடு நடந்தார்.

ஒரு சனிக்கிழமை
மகனின் ஓட்டக் காலணியைத்
துவைக்கும் இயந்திரத்தில் போட்டேன். ஒற்றைக் காலணி;
மற்றது எங்கே என்று அவனுக்கும் தெரியாது.
தட் தட் தட், தட் தட், தட் தடக்.
ஏழு. மறுபடி எண்ணினேன், ஏழேதான்.
எட்டாவதை விழுங்கிவிட்டு
முதலுக்கே தாவுகிறது.
ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்து
மின்கட்டண உறையின் முதுகில்
பாஸூன் இரண்டு, செல்லோ அத்தனையும்,
டிம்பனி தொட்டும் தொடாமலும்.
துணி காய்வதற்குள் உறை தீர்ந்துபோனது.

முதல் உருப்படியைக் கேட்க யாரும் வருவதில்லை.
இருபது வருடம் வியோலாவின் கடைசி வரிசையிலிருந்து
பார்த்தவள் சொல்கிறேன்.
கோட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வருகிறவர்கள்,
நாற்காலி எண்ணை இருட்டில் தடவுகிறவர்கள்,
வெள்ளைத் தொப்பி மாணவர்கள், வாயில் சிமா வாடை,
இருமலை இப்போதே தீர்த்துக்கொள்கிறவர்கள்.
இவர்களுக்குத்தான் எழுதுகிறேன் என்பது
மார்ச் கடைசியில் பிடிபட்டது.
அதற்குமேல் கை நிற்கவில்லை.

நான்காம் நிமிடத்தில் எல்லோரையும் நிறுத்தினேன்.
ஏழு எண்ணிக்கை, வெறும் அமைதி.
யாராவது உட்காரட்டும்.

இங்கே என்ன நடக்கிறது, என்றார் ஒத்திகையில்
இசை நடத்துநர் ரௌத்தியாய்னன்.
கதவு, என்றேன்.
டிம்பனிக்காரி இர்யா கல்லுங்கி மட்டும் சிரித்தாள்.

அன்று மாலை காலணி நன்றாகவே உருண்டது.
மூன்றாம் வரிசையில் ஒரு குழந்தை
தலையாட்டியது, எட்டுக்கு, தப்பாக.
அமைதி வந்தது.
ஒன்று. இரண்டு.
ஒருவரும் வரவில்லை.
எல்லோரும் எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்,
கைக்குட்டைகூட அசையவில்லை.
நான்கு. இப்படியொரு பள்ளத்தை வெட்டியதற்காக
என்னை நானே திட்டிக்கொண்டேன்.
ஐந்து.
ஆறில் தடால் என்று கதவு.
மன்னிப்பு என்று வாயசைத்தபடி
ஒரு பெரிய உடம்பு பக்கவாட்டில் நகர்ந்தது:
ஹுவரினன்,
யாரோ கையில் திணித்த சிவப்பு பலூனோடு.

இர்யா ஏழை எண்ணவே இல்லை.
தாளில் இல்லாத இடத்தில் ஓங்கி ஓர் அடி,
கதவுக்குப் பதில் சொல்வதுபோல்.
சிரிப்பு மேல்மாடத்திலிருந்து இறங்கி வருவதற்குள்
எண்பது பேரும் அவள் பின்னால் பாய்ந்துவிட்டார்கள்.

அந்த அடியைப் பிரதியில் சேர்த்துவிட்டேன்.
மொத்தம் ஆறு நிமிடம் பதினொரு நொடி.
கூடுதல் நொடிகளுக்கு
நான் பணம் கேட்கவில்லை.