பொட்டில்லாத சாவி

அந்தியேட்டி முடிந்த மறுநாள்
சாவிக்கொத்து என் கைக்கு வந்தது.
பதினொரு சாவி. பத்தில்
நெயில் பொலிஷ் பொட்டு:
சிவப்பு அலுமாரிக்கு, ரோஸ் மொட்டைமாடிக் கதவுக்கு,
ஊதா காஸ் கூட்டுக்கு.
பொட்டில்லாதது எதற்கென்று
மாமி எனக்குச் சொல்லவில்லை.

பூரணம் மாமி யாரையும் கட்டிப்பிடித்து
நான் கண்டதில்லை.
காய்ச்சலென்றால் வந்து நிற்பா,
கையில் தேர்மாமீட்டர், வாயில் நேரம்:
"ஆறுக்கு ஒண்டு, பன்னிரண்டுக்கு ஒண்டு."
இரவு பன்னிரண்டுக்கும் வந்து நிற்பா.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி, இரண்டே அறை.
விசாவுக்கு வந்தவை, கண்ணுக்குக் காட்ட வந்தவை,
கனடா மாப்பிள்ளைக்குக் காத்திருந்த பெட்டை,
எல்லாருக்கும் பாய், எல்லாருக்கும் கொக்கி,
குளிக்க ஆளுக்கு ஏழு நிமிஷம்.
ஐந்தேகாலுக்குத் தண்ணி மோட்டர்.
முதல் ரயில் சன்னல் கம்பியை உலுப்ப
தேத்தண்ணி இறக்கியாகிவிடும்.
மீன்காரன் சிங்களத்தில் சொன்ன விலையைச்
சிங்களத்திலேயே அரைவாசியாக்கி
தமிழில் கொப்பியில் எழுதுவா.
நாடே காஸுக்கு கியூவில் நின்ற மாதம்
மேலதிக சிலிண்டர் ஒன்றில் மூன்று வீடு சமைத்தது.
கீழ்வீட்டு இந்திராணி நோனா
செத்தவீட்டில் அதைச் சொல்லித்தான் அழுதா.

வந்த புதிதில் எனக்கு மூச்சு முட்டியது.
"இதென்ன வீடோ, கந்தோரோ?"
அவர் சிரித்தார். "பொறும்" என்றார்.

பிறகு ஓர் இரவு, இரண்டேகால்.
கதவில் தட்டு.
சப்பாத்தோடு படியேறி வரும் தட்டு
அப்போது எல்லாருக்கும் தெரியும்.
மாமி லைட்டைப் போட்டா. கொண்டையை முடிந்தா.
நீலப் பைலை மேசையில் விரித்தா.
பொலிஸ் பதிவு, அடையாள அட்டைக் கொப்பி,
ஆர், எந்த ஊர், வந்த திகதி, என்ன அலுவல்.
படுத்திருந்த வரிசையிலேயே தாள்களும் இருந்தன.
டோர்ச் முகத்துக்கும் தாளுக்குமாகப் போய்வந்தது.
பதினாலு முகம். பதினாலு தாள்.
அவர்கள் இறங்கிப் போனபின்
குசினிக்குள் நின்றபடியே
ஒரு போத்தல் தண்ணி குடித்தா.
கை நடுங்கியதை நான் பார்த்தேன்,
நான் பார்த்ததை அவ பார்த்தா.
"படும். ஐந்தேகாலுக்கு மோட்டர்."

அந்தப் பதினாலில் ஒருவன் குகனேசன்.
வட்டக்கச்சி. ஏஜென்சிக்காரனை நம்பி வந்தவன்.
இரண்டு கிழமை கழித்து, பின்னேரம் ஆறு மணி,
எங்கள் வீட்டு பாட்டா செருப்பைப் போட்டுக்கொண்டு
டெலிபோன் காட் வாங்கப் போனான்.
மாமி பொலிசுக்குப் போனா, ஆணைக்குழுவுக்குப் போனா,
முறைப்பாட்டு இலக்கத்தை மூன்று இடத்தில் எழுதினா.
தாய் கிழமைக்கொருக்கால் எடுத்தா.
பிறகு ஒரு சித்திரையில்
தாயின் அழைப்பும் நின்றது.
வீட்டில் அவன் பேச்சை எடுத்தவர்கள் இல்லை.
மறந்துவிட்டோமென்று நினைத்திருந்தேன்,
மாமியையும் சேர்த்து.

இன்றைக்குத்தான் பொருந்தியது அந்தச் சாவி.
மேசையின் கீழ் லாச்சி.
உள்ளே அவனுடைய துணிப்பை,
பத்திரிகையில் சுற்றிய சப்பாத்து,
ஒரு சின்னக் கொப்பி. வருஷத்துக்கு ஒரு வரி:
*தை 3. கடிதம் போட்டது. பதில் இல்லை.
பூச்சி உருண்டை மாற்றியது.*
*தை 5. கடிதம் போட்டது. பதில் இல்லை.
பூச்சி உருண்டை மாற்றியது.*
முன்பக்கத்தில், எல்லாருக்கும் கீறும்
அதே கட்டங்கள்:
பெயர், ஊர், வந்த திகதி, போன திகதி.
கடைசிக் கட்டம் வெறுமை.
பால்காரனின் ஐம்பது சதத்தைக்கூட
எழுதாமல் விடாத மனுஷி.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள்
என் கையைப் பிடித்து என்னவோ சொல்ல வெளிக்கிட்டா.
மோட்டரைத்தான் சொல்லுகிறாவென்று
"போட்டாச்சு மாமி, போட்டாச்சு" என்றேன்.

தை பிறந்து நாலு நாள்.
கீழே கடைக்குப் போய் பூச்சி உருண்டை வாங்கிவந்தேன்.
மாமியின் எழுத்து வலப்பக்கம் சாயும்,
என்னுடையது நிமிர்ந்து நிற்கும்,
ஒரே பக்கத்தில் வடிவாயில்லை.
கடிதம் யாருக்கு எழுதுவதென்று
நாளைக்குப் பார்க்கவேண்டும்.

மகள் சாவியைத் தூக்கிக் காட்டினாள்,
"அம்மா, இதுக்கும் பொட்டு வைக்கட்டா?"
வேண்டாமென்றேன்.