வெற்றுத் தோட்டா

டுவாடபெரேவில் மழை பிடித்துக்கொண்ட சனிக்கிழமை.
ஈரத் தொப்பியோடு உள்ளே வந்த ரவிரி
முந்நூறு மேக்னம் கேட்டான்.
"மகளுக்கா?" என்றேன்.
"மானுக்கு" என்றான்.

ஹினெவையின் வலப்புருவத்தில் பிறைத் தழும்பு,
போன பருவத்தில் அவன் துப்பாக்கியின்
தொலைநோக்கி கடித்த இடம்.
பன்னிரண்டு வயது. நாற்பது கிலோ இருந்தால் அதிகம்.

இருநூற்று நாற்பத்து மூன்றை எடுத்து வைத்தேன்,
குழல் முனையில் ஒலியடக்கியோடு.
"முயல் சுடவா?"
அவள் ஒன்றும் சொல்லாமல்
கட்டையில் கன்னம் வைத்துப் பார்த்தாள்.
விசைக்கு விரல் எட்டவில்லை.
எட்டி எட்டிப் பிடித்தாள்.

கொல்லைச் சுடுதளத்தில்
நாலு நல்ல தோட்டாவோடு
மருந்தில்லாத ஒன்றைக் கலந்தேன்,
கண்ணை மூடிக்கொண்டு.
மூன்றாவது, டிக்.
அவ்வளவுதான் சத்தம்.
ஆனாலும் தோள் பின்னால் போனது,
இமை இறுகியது,
வராத அடிக்கு.

"பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தவன்
தன் பெரியதை நீட்டினான்:
எனக்கும் கலந்து வை.

இரண்டாவதிலேயே டிக்.
ஆறடி ஆள்.
குழல் முனை மண்ணைக் குத்தியது.
தகரக் கூரையில் மழை மட்டும் பேசியது.
ஹினெவை சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

கட்டையில் ஒன்றரை அங்குலம் அறுத்தேன்.
அறுத்த துண்டையும் பையில் போட்டேன்,
வளர்ந்த பிறகு ஒட்டிக்கொள்ளட்டும்.

அவள் வண்டியில் ஏறிவிட்டாள்.
சில்லறையை வாங்காமல் நின்றவன்
தோளைத் தடவியபடி கேட்டான்:
"இதிலேயே இன்னொன்று...
அறுக்காதது,
இருக்கிறதா?"